ஆர்10 மேட்ச் பெல்லட்: குமரிக் கடலோரத்துக்குச் சரிப்படுமா?

ஆர்.டபிள்யூ.எஸ். கம்பெனியின் ஆர்10 மேட்ச், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் சுடும் ஈயக் குண்டு (பெல்லட்), பிஸ்டல் ரகம். 4.5 மி.மீ., எடை 0.45 கிராம், டப்பாவில் 500. தலை தட்டையாக இருப்பதால் பஞ்சிங் மெஷின் குத்தியதுபோல இலக்கு அட்டையில் வட்டமாக ஓட்டை விழும். வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற தகராறு குறையும். அட்டை நமத்திருந்தால் மட்டும் விளிம்பு பிய்யும். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து பெய்கிற மாவட்டம் இது. அட்டைக்கட்டை மூடி இறுகிய தகர டின்னில் வையுங்கள்.

தலை விட்டம் 4.49, 4.50 எனத் தனித்தனியாக வருகிறது. பக்கத்து லேன்காரர் வாங்கியதையே வாங்காதீர்கள். பிஸ்டலை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்து, ஒவ்வொரு அளவிலும் பத்து குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதை எடுங்கள். பாவாடைப் பகுதி (குண்டின் விரிந்த பின்பக்கம்) நசுங்கியதைக் கண்ணாடி மேல் உருட்டினால் துள்ளும், அதை ஒதுக்கிவிடலாம்.

விலை கொஞ்சம் கடிதான். ஒரு மேட்சுக்கு 60 குண்டு. சைட்டரும் (மேட்சுக்கு முன் குறி பார்க்கச் சுடுவது) சேர்த்தால் ஒரு டப்பா ஆறேழு மேட்சுக்குத்தான் வரும். தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஸ்கோர் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் பெல்லட்டில் இருக்காது. அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பிஸ்டல் சாயாமல் கை அப்படியே 5 மி.மீ. நகர்ந்தாலும் குண்டு 5 மி.மீ.தான் விலகும், பத்து கிடைத்துவிடும். குழல் முனையில் இருக்கும் முன்சைட், பின்னால் இருக்கும் பின்சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. சாய்ந்தால் கதை வேறு: இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 32 செ.மீ. என்றால் 10 மீட்டரில் குண்டு 31 மி.மீ. தள்ளி விழும். நடுவில் விழ வேண்டியது ஏழுக்குப் போய்விடும். கை ஆடுகிறதே என்று பதறி, டிரிகரைச் சட்டென்று இழுப்பவர்களுக்கு நேர்வது இதுதான். வலது கைக்காரர் என்றால் குண்டுகள் இடப்பக்கம் கீழே குவியும்.

இதற்கு மருந்து பெல்லட் டப்பாவில் கிடையாது. பிஸ்டலில் ட்ரை-ஃபயர் (குண்டில்லாமல் டிரிகர் அழுத்திப் பழகுவது) வசதி இருந்தால், குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து தினமும் 15 நிமிடம் டிரிகர் அழுத்துங்கள். கண் முன்சைட்டிலேயே நிற்கட்டும். எட்டு பத்து வினாடிக்குள் டிரிகர் விடுபடவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். இழுத்துப் பிடித்துச் சுட்டால் ஏழுதான் வரும். ஸ்பிரிங் பிஸ்டலை மட்டும் வெறுமனே சுடக் கூடாது, பிஸ்டன் அடிபடும். ரேஞ்சுக்கு வாரம் இரண்டு நாள் போனால், அங்கே செலவாகும் ஒவ்வொரு ஆர்10-க்கும் பலன் தெரியும்.

குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் திறந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். ஈரம் பட்டால் ஈயத்தில் வெள்ளைப் பொடி படியும், அது நஞ்சு. அப்படிப் படிந்ததைக் குழலில் ஏற்றாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாயாவைத் தொட வேண்டும்.