51 புள்ளிகளில் ஒரு மேஜ்: ஃப்ராஸ்டா, எலிமென்டலா, பைரோபிளாஸ்ட்டா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டில் மேஜ் (மந்திரவாதி) வைத்து விளையாடுபவர்கள் உச்ச லெவலான 60ஐத் தொட்டதும் கேட்கும் முதல் கேள்வி, எந்த டேலண்ட் (சிறப்புத் திறன்) எடுத்தால் மற்ற ஆட்டக்காரர்களை அடிக்கலாம் என்பதுதான். பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் எது அதிகமாக அடிக்கும் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பெரிய ஸ்பெல்கள் எல்லாம் கூல்டவுனில் (மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) கிடக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் நம் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் டேலண்ட் எடுக்க வேண்டும். பேட்டில்கிரவுண்டில் (அணிக்கு அணி மோதும் களம்) நாம் சாவது அந்த நேரத்தில்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். லெவல் 10இல் தொடங்கி லெவலுக்கு ஒன்று வீதம் மொத்தம் 51 புள்ளிகள். ஆர்கேன், ஃபயர், ஃப்ராஸ்ட் என்று மூன்று டேலண்ட் மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் 21ஆவது புள்ளியில் ஒரு நல்ல டேலண்ட், 31ஆவது புள்ளியில் கடைசி டேலண்ட். ஆர்கேனில் பிரசன்ஸ் ஆஃப் மைண்ட், அப்புறம் ஆர்கேன் பவர். ஃபயரில் பிளாஸ்ட் வேவ், அப்புறம் கம்பஸ்டியன். ஃப்ராஸ்ட்டில் ஐஸ் பிளாக் (அடி படாமல் பனிக்கட்டிக்குள் நிற்பது), அப்புறம் ஐஸ் பேரியர் (அடியைத் தாங்கும் பனிக்கவசம்). 31ஐயும் 21ஐயும் கூட்டினால் 52. ஒரே ஒரு புள்ளி உதைக்கும். ஒரு மரத்தை அடிவரை எடுத்தால் அடுத்த மரத்தின் 21 கிடைக்காது. மேஜ்களுக்குள் நடக்கும் விவாதங்களில் பாதி இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான்.

ஃபயரை மட்டும் முழுதாக எடுப்பதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பார்க்க அழகாக இருக்கும், அடி விழுந்தால் ஓட வழி இருக்காது. ஐஸ் பிளாக் இல்லை, ஐஸ் பேரியர் இல்லை. ஒரு ரோக் (மறைந்து வந்து குத்துபவர்) பின்னால் வந்து நின்றால் பிளிங்க்கும் (சட்டென்று முன்னால் தாவுவது) ஃப்ராஸ்ட் நோவாவும் (சுற்றி நிற்பவர்களை உறைய வைப்பது) மட்டும்தான் துணை. இக்னைட் எரிந்துகொண்டிருக்கும் ஆளை பாலிமார்ஃப் செய்தாலும் (ஆடாக்கினாலும்) அடுத்த நொடியே அந்தத் தீ அவரை விடுவித்துவிடும். மோல்டன் கோர் பக்கம் ரெய்டுக்குப் (பெரிய அணியாகப் போய் அரக்கர்களை அடிப்பது) போனாலும் அங்கே பல அரக்கர்களுக்குத் தீ உறைக்கவே உறைக்காது. இதை விட்டுவிடுவோம்.

மிச்சம் மூன்று (எண்கள் ஆர்கேன்/ஃபயர்/ஃப்ராஸ்ட் வரிசையில்): 17/0/34 ஃப்ராஸ்ட், 0/21/30 எலிமென்டல், 31/20/0 பைரோபிளாஸ்ட்.

பைரோபிளாஸ்ட் வழி எல்லோரையும் இழுப்பதில் ஆச்சரியமில்லை. சாதாரணமாக 6 நொடி ஓத வேண்டிய ஸ்பெல் அது. பிரசன்ஸ் ஆஃப் மைண்ட் அதை நொடியில் விடவைக்கிறது, ஆர்கேன் பவர் அடியை 30 சதவீதம் ஏற்றுகிறது. கூடவே மோல்டன் கோரில் கிடைக்கும் டாலிஸ்மேன் ஆஃப் எஃபெமரல் பவர் இருந்தால் 15 நொடிக்கு 175 ஸ்பெல் டேமேஜ் கூடும். பைரோபிளாஸ்ட் போய் விழுந்ததும் ஒரு ஃபயர் பிளாஸ்ட். துணிக்கவசம் போட்ட ப்ரீஸ்ட்டோ இன்னொரு மேஜோ என்றால் பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்தது. ஒரு ஹீலரை அவர் கை அசையும் முன்பே வீழ்த்துவது அணிக்குப் பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் இரண்டு டேலண்டுக்குமே கூல்டவுன் 3 நிமிடம். அடித்து முடித்த பிறகு நீங்கள் பாதுகாப்பு எதுவும் இல்லாத ஒரு மேஜ். ஃப்ராஸ்ட் நோவாவும் ஃப்ராஸ்ட்போல்ட்டும் எல்லா மேஜுக்கும் உண்டுதான், ஆனால் உறைந்தவரை நொறுக்கும் ஷேட்டர் உங்களிடம் இல்லை. எதிரில் ஷாமன் இருந்தால் இன்னொரு தொல்லை. அவர் கிரவுண்டிங் டோட்டம் ஒன்றை நட்டுவைத்திருந்தால் மொத்த பைரோபிளாஸ்ட்டையும் அந்தக் கட்டை வாங்கிக்கொள்ளும். 3 நிமிடக் காத்திருப்பு அதோடு போச்சு. ரெய்டு கியர் (அங்கே கிடைக்கும் கவசம், ஆயுதம்) இல்லாத புது 60க்கு இந்த வழி பலன் தருவதும் குறைவு. ஸ்பெல் டேமேஜ் இல்லாமல் விட்ட பைரோபிளாஸ்ட் எதிராளியைக் கோபப்படுத்தும், கொல்லாது.

ஃப்ராஸ்ட்டுக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஷேட்டர். 5 புள்ளி போட்டால் உறைந்து நிற்கும் எதிரிமேல் கிரிட்டிகல் (கூடுதல் பலத்தோடு விழும் அடி) வாய்ப்பு 50 சதவீதம் கூடுகிறது. இது டேலண்டிலிருந்து வருவது, கியரிலிருந்து அல்ல. வாரம் தவறாமல் ரெய்டு போகிறவருக்கும் சாதாரணப் பச்சைக் கியர் போட்டவருக்கும் அந்த 50 ஒன்றுதான். ஐஸ் ஷார்ட்ஸும் சேர்ந்தால் ஃப்ராஸ்ட் கிரிட்டிகல் ஒன்றரை மடங்குக்குப் பதில் இரண்டு மடங்காக விழும். நோவா போட்டு, பின்னால் நகர்ந்து, ஃப்ராஸ்ட்போல்ட் கையை விட்டுப் போன கையோடு கோன் ஆஃப் கோல்ட் அடித்தால், உறைபனி உடையும் முன் இரண்டுமே விழும். இதற்கு 3 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. நோவாவின் கூல்டவுன் 25 நொடி, டேலண்ட் போட்டால் 21.

ஐஸ் பேரியர் 30 நொடிக்கு ஒருமுறை வரும். அது நிற்கும்வரை அடி வாங்கினாலும் ஓதுவது தள்ளிப்போகாது. ஐஸ் பிளாக் 10 நொடி. உள்ளே இருக்கும்போது பிளிங்க்கும் நோவாவும் கூல்டவுன் முடிந்துகொண்டிருக்கும். கோல்ட் ஸ்னாப் அடித்தால் ஃப்ராஸ்ட் ஸ்பெல்கள் அத்தனையும் புதிதாகக் கிடைக்கும். அதன் கூல்டவுன் 10 நிமிடம் என்பதால் சும்மா ஒரு டூயலுக்கு அதைச் செலவழிக்காதீர்கள். ஆர்கேனில் போடும் 17 புள்ளி எதற்கென்றால், இம்ப்ரூவ்ட் கவுன்டர்ஸ்பெல்லுக்கு. அது எதிரி வாயை 4 நொடி முழுதாக அடைத்துவிடும். எதுவும் ஓதாமல் நிற்கும் ஹீலரையும் அது பிடிக்கும்.

ஃப்ராஸ்ட்டின் பலவீனமும் பெரியதுதான். எல்லாம் ஒரே வகை மந்திரம். நீங்கள் ஃப்ராஸ்ட்போல்ட் ஓதும்போது ரோக் கிக் அடித்தால் 5 நொடிக்கு அந்த வகையே பூட்டு. நோவா இல்லை, கோன் இல்லை, பேரியர் இல்லை, ஐஸ் பிளாக்கும் இல்லை. உயிரைக் காப்பாற்ற வேண்டிய பட்டனையும் சேர்த்தே பூட்டிவிடுகிறார். அதனால் பழகிய ஃப்ராஸ்ட் மேஜ்கள் ரோக் பக்கத்தில் நிற்கும்போது முதலில் ஸ்கார்ச் ஓதத் தொடங்குவார்கள். கிக் அதில் விழுந்தால் பூட்டப்படுவது ஃபயர். போவது ஃபயர் பிளாஸ்ட் மட்டும். அதற்குள் நோவாவும் ஃப்ராஸ்ட்போல்ட்டும் தடையில்லாமல் போய்விடும். பாலிமார்ஃபை வைத்து இந்த ஆசை காட்டும் வேலையைச் செய்யாதீர்கள். அது ஆர்கேன் வகை. கிக் விழுந்தால் பிளிங்க்கும் போய்விடும்.

எலிமென்டலின் நியாயம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. 21 ஃபயர், 30 ஃப்ராஸ்ட். ஷேட்டர் உண்டு, ஐஸ் பிளாக் உண்டு, கோல்ட் ஸ்னாப் உண்டு. ஒரு புள்ளி குறைவதால் ஐஸ் பேரியர் இல்லை, ஆர்கேனில் எதுவும் போடாததால் கவுன்டர்ஸ்பெல்லின் 4 நொடி வாயடைப்பும் இல்லை. அவற்றுக்குப் பதில் பிளாஸ்ட் வேவ்: 45 நொடிக்கு ஒருமுறை, ஓத வேண்டாம், சுற்றி நிற்பவர்கள் எல்லோரையும் அடித்து 6 நொடிக்குப் பாதி வேகமாக்கும். இம்பாக்ட் 10 சதவீத வாய்ப்பில் 2 நொடி ஸ்டன் தரும். ஷேட்டர் எல்லா வகை ஸ்பெல்லுக்கும் பொருந்துவதால் உறைந்தவர்மேல் ஃபயர் பிளாஸ்ட்டும் கிரிட்டிகலாகப் போகும். ஃப்ராஸ்ட் பூட்டிக் கிடந்தாலும் சண்டை நிற்காது.

அப்படியானால் அந்த ஒரு புள்ளியை எங்கே போடுவது? எதிரே யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதை யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது என் ஆதங்கம். கிளாசிக்கில் எதிரெதிர் அணிகள் இரண்டு: ஷாமன்கள் ஹோர்டில் மட்டும், பாலடின்கள் அலையன்ஸில் மட்டும். நீங்கள் அலையன்ஸ் மேஜ் என்றால் நீங்கள் போடும் ஐஸ் பேரியரை ஷாமன் பர்ஜ் அடித்துக் கழற்றிக்கொண்டே இருப்பார். ப்ரீஸ்ட்டின் டிஸ்பெல்லும் வார்லாக்கின் ஃபெல்ஹண்டரும் அதே வேலையைச் செய்யும். மனா செலவழித்துப் போட்ட கவசம் ஒரு அடிகூடத் தாங்காமல் போவதைப் பார்த்து எரிச்சல்படுவதற்குப் பதில், யாராலும் கழற்ற முடியாத பிளாஸ்ட் வேவ் எடுப்பது நியாயமான முடிவு. ஆராதி பேசின் பேட்டில்கிரவுண்டில் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது அது இன்னும் அழகாக வேலை செய்யும். ஓத நேரம் இல்லாமலே எல்லோருடைய கைப்பற்றலையும் ஒரே அடியில் கலைத்துவிடலாம்.

ஹோர்ட் மேஜுக்கு நிலைமை வேறு. எதிரே வரும் வாரியர்மேல் பாலடின் பிளெஸ்ஸிங் ஆஃப் ஃப்ரீடம் போட்டால் உங்கள் பனியின் மெதுவாக்கல் எதுவும் அவரிடம் ஒட்டாது. உறைய வைத்தவரை கிளென்ஸ் விடுவிக்கும். அலையன்ஸின் னோம்களுக்கு எஸ்கேப் ஆர்ட்டிஸ்ட் (பிடியிலிருந்து விடுபடும் திறன்) உண்டு, ட்வார்ஃப்களுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் ஃப்ராஸ்ட் எதிர்ப்பும் உண்டு. இத்தனைக்குப் பிறகு ஃப்ராஸ்ட் எதற்கு என்று தோன்றும். ஆனால் பாலடினிடம் எதிரியின் கவசத்தைக் கழற்றும் ஸ்பெல் கிடையாது. ஃப்ரீடம் போட்ட வாரியர் உங்கள் மூக்குக்கு முன்னால் வந்து வெட்டும் அந்தச் சில நொடிகளைத் தாங்க ஐஸ் பேரியர் வேண்டும். பிளாஸ்ட் வேவின் மெதுவாக்கலையும் ஃப்ரீடம் சட்டைசெய்யாது. ஆக, ஹோர்ட் பக்கம் 17/0/34.

ஆர்கேன் 21, ஃப்ராஸ்ட் 30 என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். பிரசன்ஸ் ஆஃப் மைண்ட் வைத்து நொடியில் பாலிமார்ஃப் செய்யலாம், அடுத்த பூட்டுக்கு முன் ஒரு ஃப்ராஸ்ட்போல்ட்டை நொடியில் விடலாம். வார்சாங் கல்ச் பேட்டில்கிரவுண்டில் கொடி தூக்கி ஓடுபவரின் ஹீலரை ஆடாக்கி நிறுத்த இதைவிட நல்லது இல்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு விளையாடும் பத்துப் பேர் அணியில் ஒரு மேஜ் இப்படி இருந்தால் போதும்.

பைரோபிளாஸ்ட்டை விட மனமே இல்லாதவர்களுக்கு ஒரு நிபந்தனை சொல்வேன்: உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஹீலர் ஒருவர் அணியில் இருக்க வேண்டும். அவர் இருந்தால் அந்த 3 நிமிடத்தைக் கடத்திவிடலாம். தனியாக க்யூவில் சேர்ந்து, முன்பின் தெரியாத பதினான்கு பேரோடு ஆராதி பேசினுக்குப் போகிறவர் அதை நம்பக்கூடாது.

டேலண்ட் மாற்ற ஆகும் செலவையும் கணக்கில் எடுங்கள். இரட்டை டேலண்ட் வசதி இல்லாத சர்வர்களில் முதல் மாற்றம் 1 கோல்ட், அடுத்தது 5, பிறகு ஐந்தைந்தாக ஏறி 50இல் நிற்கும். மோல்டன் கோர், பிளாக்விங் லேர் காலத்தில் ரெய்டுக்கும் ஃப்ராஸ்ட்தான் வேண்டும் என்பதால் 17/0/34 வைத்திருப்பவர் பெரும்பாலும் மாற்றாமலே இரண்டு பக்கமும் ஓட்டிவிடலாம். புதிதாக 60 தொட்டவர் அந்தக் காசை மவுண்ட்டுக்குச் (சவாரி விலங்கு) சேர்க்கட்டும். அலையன்ஸ் மேஜாக இருந்து ஷாமன்களிடம் தொடர்ந்து பேரியரை இழக்கிறவர் மட்டும் ஒருமுறை செலவழித்து 0/21/30 போய்ப் பார்க்கலாம்.