மொலாசஸ் வேர் டானிக்: காசு குடுத்து வாங்கி ஊத்துத அளவுக்கு இருக்கா?

பாளையங்கோட்டைல மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க வீட்டுல இப்ப எங்க பாத்தாலும் இந்த கருப்பு பாட்டில்தான். கரும்பு ஆலைல சீனி எடுத்தது போக மிஞ்சுத பாகு, அதான் மொலாசஸ், அத தண்ணில கலந்து செடி மூட்டுல ஊத்துனா பூ கொத்துகொத்தா வரும் தக்காளி இனிக்கும்னு லேபிள்ல போட்டிருக்கு. லிட்டர் 450 ரூபா. கம்பெனி பேரு சொல்லல, இதே சரக்கு ஏழெட்டு பேர்ல கடைல கெடக்கு, நான் சொல்லுதது எல்லாத்துக்கும் பொருந்தும்.

நர்சரி அண்ணாச்சி, "தம்பி, வெளிநாட்டுல கஞ்சா செடிக்கே இததான் ஊத்துதாவ, பூ நல்லா கனமா வரும்"னாவ. ஊத்துதாவங்கது நெசந்தான். கனடாவுல 2018 அக்டோபர்ல இருந்து பெரும்பாலான மாகாணத்துல வீட்டுக்கு 4 செடி வரைக்கும் சட்டப்படி வளக்கலாம், அங்கல்லாம் பூக்குத பருவத்துக்குன்னே இனிப்பு டானிக் தனியா விக்காவ. நம்ம நாட்டுல 1985 போதைப்பொருள் சட்டப்படி ஒரு செடி வச்சாலும் கேஸு, அந்தப் பேச்சே வேண்டாம். ஆனா கஞ்சாவோ கத்தரியோ, வேர் வேலை செய்யுத விதம் ஒண்ணுதான்.

செடி தனக்கு வேண்டிய சர்க்கரைய வெயில வச்சு எலைலதான் செஞ்சிக்கிடுது. அது எலைல இருந்து கீழ வேருக்கு எறங்குது, வேர் அதுல கொஞ்சத்த மண்ணுக்குள்ள கசிய விட்டு அங்கன இருக்க நுண்ணுயிருக்கு தீனி போடுது. மண்ணுல இருந்து வேர் உறிஞ்சுத சர்க்கரை ரொம்பக் கொஞ்சந்தான், காய இனிக்க வைக்க அது பத்தாது. அதனால நீங்க ஊத்துத பாகு பெரும்பாலும் செடிக்குப் போகல, பாக்டீரியாவுக்குப் போகுது. சரி அதுவும் நல்லதுதானேன்னு கேப்பீங்க, இங்கதான் விஷயமே இருக்கு. சர்க்கரைல கார்பன் இருக்கு, ஆக்ஸிஜன் இருக்கு, ஹைட்ரஜன் இருக்கு, தழைச்சத்து, அதான் நைட்ரஜன், துளி கூட கெடையாது. பாகுலயும் பேருக்குத்தான் இருக்கும். தீனி கெடச்சதும் பாக்டீரியா மளமளன்னு பெருகும், பெருகுததுக்கு அதுக்கு நைட்ரஜன் வேணும், அத எங்க இருந்து எடுக்கும்? செடி நட்டிருக்க பையில அதுக்குன்னு கெடக்க நைட்ரஜனத்தான் எடுக்கும். அதுக செத்து மக்குன பெறவுதான் அது திரும்பக் கெடைக்கும். வெளிநாட்டுல புல்வெளிய மீட்டெடுக்கவங்க, மண்ணுல நைட்ரஜன கொறச்சு களைய அடக்கணும்னு வேணும்னே சீனி போட்டுப் பாத்திருக்காவ, அப்ப யோசிச்சுக்கிடுங்க.

ஒரே கலவைல நட்ட கத்தரி, மொளகா ரெண்டுலயும் பாதிக்கு டானிக், பாதிக்கு வெறும் தண்ணி ஊத்தி வச்சிருந்தேன். தேங்கா நார்க்கழிவு அதிகமா போட்ட பைல டானிக் ஊத்துன செடிக்கு அடி எலை வெளுத்து மஞ்சளாச்சு, வளர்ச்சி மட்டுப்பட்டுச்சு. நல்லா மக்குன சாணி போட்ட பைல ஒரு கெடுதலும் இல்ல, ஆனா வெறும் தண்ணி ஊத்துன செடிய விட ஒரு காய் கூடுதலா வந்த மாதிரியும் தெரியல, ருசியும் அதேதான். எறும்பு மட்டும் சாரை சாரையா வந்துட்டு, எறும்பு வந்தா பின்னாலயே மாவுப்பூச்சி வரும், அதுகள எறும்புதான் காவல் காத்து வளக்கும். தண்ணி வடியாத பைல ஒரு புளிச்ச நாத்தம் வேற, பாக்டீரியா இருக்க காத்தையும் இழுத்துட்டா வேர் மூச்சு முட்டத்தான செய்யும்.

பாகுல பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், இரும்பு எல்லாம் இருக்குன்னு லேபிள்ல பெருசா போட்டிருக்கு, இருக்கது வாஸ்தவம். ஆனா அடுப்புச் சாம்பல் ஒரு பிடி போட்டாலே பொட்டாசியம் கெடைக்கும், அதுக்கு எதுக்கு 450 ரூபா?

அப்ப இயற்கை விவசாயத்துல மண்ணுக்கு ஊத்துத ஜீவாமிர்தக் கரைசல்ல வெல்லம் போடுதோமேன்னு கேப்பீங்க. 200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ சாணி, கோமியம், 2 கிலோ வெல்லம், கூடவே 2 கிலோ பயறு மாவும் போடுதோம்லா, அந்த மாவுலயும் கோமியத்துலயும்தான் நைட்ரஜன் இருக்கு. பாக்டீரியா அந்த டிரம்முக்குள்ளயே சாப்பிட்டுப் பெருகிட்டுத்தான் மண்ணுக்கு வருது, செடி பங்குல கை வைக்கல. தாமிரபரணிக் கரைல வயலுக்கு கொளுஞ்சிச் செடிய தழை உரமா மிதிச்ச பெரியாட்கள் கணக்கும் இதுதான், தழையோட சேந்து நைட்ரஜனும் மண்ணுக்குப் போகும். இந்த பாட்டில்ல அந்த பாதிக் கணக்கு இல்லவே இல்ல.

5க்கு ஒன்றரை குடுப்பேன், அந்த ஒன்றரையும் சரக்குல கலப்படம் இல்லாம நெசமாவே மொலாசஸா இருந்ததுக்கு. தழைச்சத்து வேணும்னா கடலைப்புண்ணாக்க ஊற வச்சு புளிக்க விட்டு தெளிவ மட்டும் பத்து பங்கு தண்ணில கலந்து ஊத்துங்க, அதுல நைட்ரஜன் சுமார் 7 சதவீதம் இருக்கு, வெலையும் கம்மி. ஏற்கனவே பாட்டில வாங்கி வச்சிருந்தீங்கன்னா தூரப் போடாதீங்க, அடுத்த தடவ ஜீவாமிர்தம் கலக்கும்போது வெல்லத்துக்குப் பதிலா அத ஊத்திருங்க.