லியோ கோட்கியா, மைக்கேல் ஹெட்ஜஸா?

அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்ன மட்டும் வச்சுக்கிட்டு பல ஸ்டைல கலக்குற ஆல்பம்னு பேச்சு வந்தா ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல மண்டபம் ஊர்ல எங்க செட்டுல ரெண்டு கட்சிதான். அமெரிக்க கிட்டாரிஸ்ட் லியோ கோட்கியோட '6 அண்ட் 12 ஸ்ட்ரிங் கிட்டார்' (1969) ஒன்னு, இன்னொரு அமெரிக்க கிட்டாரிஸ்ட் மைக்கேல் ஹெட்ஜஸோட 'ஏரியல் பவுண்டரீஸ்' (1984) இன்னொன்னு. ஆஸ்திரேலிய கிட்டாரிஸ்ட் டாமி இம்மானுவேலோட 'ஒன்லி' (2000) புடிச்சவங்களும் இருக்காங்க, கேக்க இனிப்பா இருக்கும், ஆனா இந்தப் போட்டிக்கு அத நான் இழுக்கல.

கோட்கி ஆல்பத்துல 14 பாட்டு, ஒன்னுல கூட வாய்ப்பாட்டு கிடையாது. ஜெர்மன் கிளாசிக்கல் மேதை பாக்கோட மெட்டு ஒன்னு வரும், மூணு தாளத்துல ஆடுற வால்ட்ஸ் வரும், ஸ்ட்ரிங் மேல குழாய் வச்சு வழுக்கி (ஸ்லைடு) இழுக்குற ப்ளூஸ் வரும், 'தி ஃபிஷர்மேன்'னு ஒன்னு இருக்கு, பேருக்காகவே நம்ம பயலுக போட்டுக் கேப்பானுக. எது வந்தாலும் கட்டவிரல்ல வாசிக்கிற அடி ஸ்வரம் (பேஸ்) மட்டும் வல்லத்து எஞ்சின் கணக்கா நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், அதுதான் இத்தன ஸ்டைலையும் சேத்துக் கட்டுது. ஆடி மாசக் காத்து பாம்பன்ல அடிக்கிற அடியில போன் ஸ்பீக்கர்ல வச்சாக்கூட இது கேக்கும்.

ஹெட்ஜஸ அப்படிக் கேக்கவே முடியாது. டைட்டில் பாட்ட எடுத்துக்கங்க, அடி ஸ்ட்ரிங்க வழக்கமான ஈ ஸ்வரத்துலேர்ந்து சி வரைக்கும் எறக்கி, ஆறு ஸ்ட்ரிங்கையும் சி-சி-டி-ஜி-ஏ-டின்னு டியூன் பண்ணி, எடது கை ஃப்ரெட்டுல (கழுத்துல இருக்குற கம்பிக் கட்டையில) தட்டியே ஒரு லைன் எடுக்க, வலது கையும் கழுத்துக்கு வந்து இன்னொரு லைன் தட்டுது, நடுவுல ஸ்ட்ரிங்க லேசாத் தொட்டு மணி மாதிரி எடுக்குற ஹார்மோனிக்ஸ் வேற, முதல்தடவ கேக்குறவன் மூணு பேர் வாசிக்கிறாங்கன்னுதான் நெனப்பான், ஆனா ஓவர்டப்பே (ஒன்னு மேல ஒன்னு பதிவு பண்ணிச் சேக்குறது) இல்ல. இதுல எது ஃபோக், எது ஜாஸ், எது கிளாசிக்கல்னு பிரிச்சுக் காட்டச் சொன்னா முழிக்கணும். கோட்கி பாட்டுக்குப் பாட்டு ஸ்டைல மாத்துறாரு, ஹெட்ஜஸ் எல்லாத்தையும் கரைச்சே விட்டுட்டாரு. கலக்குறதுன்னா எனக்கு இதுதான், அதனால என் ஓட்டு ஹெட்ஜஸுக்கு. முழுக்க தனி கிட்டார்தான் வேணும்னு அடம்புடிக்கிறவங்களுக்கு ஒன்னு சொல்லிர்றேன், இந்த ஆல்பத்துல ராக் பாடகர் நீல் யங்கோட பாட்டு ஒன்ன ஹெட்ஜஸ் வாசிக்கயில மைக்கேல் மேன்ரிங்கோட ஃப்ரெட்லெஸ் பேஸ் (ஃப்ரெட் இல்லாத பேஸ் கிட்டார்) கூட வரும்.

கத்துக்கிட்டு வாசிக்கிற ஆசையிருந்தா கணக்கே வேற. கோட்கிக்கு பன்னெண்டு ஸ்ட்ரிங் கிட்டாரும் வேணும், கடக்கரையில பன்னெண்டு ஸ்ட்ரிங்க துருவுலேர்ந்து காப்பாத்துறது பெரும்பாடு, ஸ்ட்ரிங் செட்டு மாத்தியே காசு கரைஞ்சிரும். ஹெட்ஜஸுக்கு ஆறு போதும், ஆனா துருப்புடிச்ச ஸ்ட்ரிங்க எறக்கி ஏத்தினா படக்குன்னு அறுந்துரும், துருப்புடிக்காம மேல பூச்சு (கோட்டிங்) போட்ட ஸ்ட்ரிங் செட்டு வாங்குங்க, வாசிச்சு முடிச்சதும் தொடச்சு பெட்டிக்குள்ள வைங்க.

ஹெட்ஜஸ் ஆல்பத்துலயே 'பென்சூசன்'னு ஒரு பாட்டு இருக்கு, அல்ஜீரியாவுல பொறந்த பிரெஞ்சு கிட்டாரிஸ்ட் பியர் பென்சூசன் பேர்ல. அது புடிச்சுப்போச்சுன்னா அடுத்து அவரையும் கேளுங்க, அவரோட டியூனிங் டி-ஏ-டி-ஜி-ஏ-டி, ஹெட்ஜஸ் அளவுக்கு ஸ்ட்ரிங்க எறக்க வேண்டியதில்ல.