கேர் பிளான் தாளும் அதன் கடைசிக் கட்டமும்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

ட்ரெயினிங் முடித்து இப்போதுதான் வாட்டுக்கு வந்திருக்கும் ஒரு தங்கச்சி போன கிழமை கேட்டாள்: "அக்கா, இந்தக் கேர் பிளான் உண்மையா உதவுதா, இல்லாட்டி ஃபைலுக்காகத்தான் எழுதுறமா?" கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் பல வருடமாக இதே அச்சடித்த தாளை, அதாவது ஒவ்வொரு நோயாளிக்கும் தாதியர் நாங்கள் எழுதும் பராமரிப்புத் திட்டத்தை, நிரப்பி வருகிறேன். ட்யூட்டி மாறும் நேரத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை இது. தாதியர் செயல்முறையின் ஐந்து படிகளையும் மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை, அது எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரியும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவில்) டொக்டர் 'இடுப்பெலும்பு முறிவு, சத்திரசிகிச்சை முடிந்தது' என்று எழுதியிருப்பார். அதை மட்டும் வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு நான் என்ன செய்வது? எங்கள் தாளின் இரண்டாவது கட்டம் அங்கேதான் கைகொடுக்கிறது. பிரச்சினை: நடமாட முடியவில்லை. காரணம்: வலி, விழுந்துவிடுவேன் என்ற பயம். சான்று: கட்டிலில் எழுந்து உட்காரவே மறுக்கிறார். இந்த ஒழுங்கு பழகிவிட்டால் கண் தானாகவே காரணத்தைத் தேடும். எலும்பை நான் பொருத்த முடியாது. வலிக்கும் பயத்துக்கும் என்னால் ஏதாவது செய்ய முடியும். இன்னும் வராத ஆபத்துக்குச் சான்று இருக்காது, ஏன் வரக்கூடும் என்பதைத்தான் எழுதலாம். படுக்கைப்புண்ணுக்குப் பிரேடன் அளவுகோல் அந்த வகையில் பெரிய உதவி. மொத்தப் புள்ளி 6இலிருந்து 23 வரை, குறையக் குறைய ஆபத்து கூடும். 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் திருப்பிப் படுக்க வைக்கும் நேரங்களை உடனே திட்டத்தில் போட்டுவிடுவேன்.

குறிக்கோள் கட்டமும் எனக்குப் பிடித்தது. 'நோயாளி சௌகரியமாக இருப்பார்' என்று எழுதினால் அதை எப்போது, எதை வைத்துப் பார்ப்பது? 'நாளை பகல் 2 மணிக்குள் வோக்கர் பிடித்துக் கதவு வரை நடப்பார்' என்று எழுதிவிட்டால் அடுத்த ட்யூட்டிக்கு வருபவர் என்னைத் தேடி ஃபோன் எடுக்கத் தேவையில்லை.

இனி என் கோபம். கடைசிக் கட்டம், செய்ததற்குப் பலன் கிடைத்ததா என்று எழுதும் இடம். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். நாலைந்து சொல்லுக்கு மேல் எழுதினால் எழுத்து ஓரத்தில் ஏறி நிற்கும்.

வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து எங்கள் வாட்டில் இருந்தார். தமிழ் மட்டும்தான் தெரியும். அன்று காலை ட்யூட்டியில் இருந்த தாதி மிஸ்ஸுக்குச் சிங்களமும் ஆங்கிலமும். தாள் ஆங்கிலத்தில். நான் பின்னேரம் போய்ப் பார்த்தபோது கடைசிக் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன், இருந்த இடத்துக்கு அளவாக எழுதியிருக்கிறார். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"நடக்க மாட்டன் எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. விடிய ஆறு மணிக்குத் தந்த குளிசை இவ்வளவு நேரமும் நிக்குமே? நோ கூடுற நேரமாப் பாத்து வந்து எழும்பு எழும்பு எண்டா?"

பனடோல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை: காலை 6, பகல் 12. பிசியோ வந்தது 11 மணிக்கு. தாளைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது, மருந்தும் கொடுத்தாயிற்று, பிசியோவும் வந்தாயிற்று. பிழை நேரத்தில். பிசியோவுடன் கதைத்து 1 மணிக்கு மாற்றினோம். மறுநாள் அந்த அம்மா கதவு வரை போனார், அதோடு நிற்காமல் வெளியே கொரிடோரையும் எட்டிப் பார்த்தார்.

திட்டம் போடுவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. குறிக்கோள் ஏன் எட்டவில்லை என்று கேட்டு, காரணத்தைப் பிடித்து, திட்டத்தைத் திருத்துவது. அதை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. வேறொரு தாளில் எழுதிப் பின் அடித்தேன். டிஸ்சார்ஜ் நேரம் ஃபைலைப் புரட்டினால் பின் அடித்த தாளைக் காணவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. 1967இல் அமெரிக்காவில் ஹெலன் யூராவும் மேரி வால்ஷும் இந்தச் செயல்முறையை வகுத்தபோது நான்கே படிகள்: மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயற்படுத்தல், பலனைப் பார்த்தல். தாதியர் நிர்ணயம், அதாவது நோயாளியின் பிரச்சினையைத் தாதியே கண்டு எழுதும் அந்த இரண்டாவது கட்டம், தனிப் படியாக நிலைபெற்றது பிறகுதான், 1973இல் செயின்ட் லூயிஸில் அதற்கான முதல் மாநாடு கூடிய காலத்தில். ஆரம்பத்திலிருந்தே இருந்த, பலனைப் பார்க்கும் படிக்கு எங்கள் தாளில் ஆகக் குறைந்த இடம். பாடப்புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுதக்கூடிய 'ஏன் இதைச் செய்கிறோம்' என்ற கட்டத்துக்கோ தாளின் கால்வாசி. படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் கட்டாயம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். முப்பது கட்டில் பார்க்கும் வாட்டில் அதை ஒவ்வொரு நாளும் நிரப்பச் சொல்வது அநியாயம்.

முறையை இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: நாளைக்கே இந்தத் தாளை நிறுத்திவிட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதச் சொன்னால் நான் சந்தோஷமாக எழுதுவேன். முறையை விட மாட்டேன். இந்தத் தாளை இன்னொரு வாட்டுக்குச் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

கடைசிக் கட்டத்தை மூன்று மடங்கு அகலமாக்கி, நேரம் எழுதத் தனிக் கோடும் போட்டு, ஒரு மாதிரித் தாளை வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் வரைந்து கொடுத்திருக்கிறேன். அடுத்த அச்சடிப்பு வரை, தங்கச்சி, நீ இப்படிச் செய்: முன்பக்கத்துக் கட்டத்தில் 'பின்னால் பார்க்க' என்று மட்டும் போடு. தாளைத் திருப்பி, நோயாளி தன் வாயால் சொன்னதை அப்படியே எழுது. எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, நடத்தியது எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் போட்டுக் கையெழுத்து வை. தனித் தாளில் எழுதிப் பின் அடிக்க வேண்டாம், அது நிற்காது.