பெரியப்பாவின் சிலைடுகளும் சொட்டு நீலமும்: மூன்று ஆண்டு ஸ்கேன் அனுபவம்

பெரியப்பா ஏற்காட்டில் காபித் தோட்ட மேலாளராக இருந்தவர். சிங்கப்பூர் மைத்துனர் அனுப்பிய ஃபிலிமில் 1970களில் அவர் எடுத்த சிலைடுகள் (ஒளி ஊடுருவும் ஃபிலிம் படங்கள்) ஏறத்தாழ 900. மூன்று ஆண்டுகளாகச் சேலத்தில் என் வீட்டு மாடியறையில் அவற்றை ஸ்கேன் செய்துவருகிறேன். ஒரு சமதள ஸ்கேனர், ஐடி8 என்ற நிற மாதிரிச் சிலைடு ஒன்று, மானிட்டரின் நிறத்தை அளக்கும் சிறு கருவி: இவ்வளவுதான் செலவு. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மூன்றாவதை வாங்குங்கள், ஸ்கேனரை இரவல் பெறலாம். அந்தக் கருவி வருமுன் நான் திருத்திய படங்கள் எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்தவை போல இருக்கின்றன; என் மானிட்டர் நீலம் தட்டியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஐடி8 சிலைடில் 200க்கும் மேற்பட்ட நிறக் கட்டங்களும் கீழே ஒரு சாம்பல் வரிசையும் இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் அளந்த மதிப்பும் கூடவே கோப்பாக வரும். ஸ்கேனர் படித்ததை அந்த மதிப்போடு ஒப்பிட்டு மென்பொருள் புரொஃபைலை, அதாவது அந்த ஸ்கேனரின் எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் கோப்பை, எழுதும். அப்போது தானியங்கி வெளிச்சம், நிறத் திருத்தம் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பிறகு சிலைடுகளையும் அதே அமைப்பில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

எக்டாக்ரோம், கோடாக்ரோம் இரண்டும் கோடாக்கின் சிலைடு ஃபிலிம்கள். நான் வாங்கியது எக்டாக்ரோமில் அமைந்த ஐடி8. பெரியப்பாவின் பெட்டியில் பாதி கோடாக்ரோம். அந்தப் புரொஃபைலோடு முதல் கோடாக்ரோமைத் திறந்தபோது, சேர்வராயன் கோயில் முன்னால் நிற்கும் தாத்தாவின் வேட்டி சொட்டு நீலம் கூடிப்போன வெளுப்பாக இருந்தது. மர நிழலெல்லாம் ஊதா. ஸ்கேனர் கெட்டுவிட்டதென்று ஒரு வாரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோடாக்ரோமின் சாயங்களே வேறு; அதற்குத் தனி ஐடி8 வேண்டும். அந்த ஃபிலிமின் தயாரிப்பு 2009இல் நின்றுவிட்டதால் அது அரிது, விலையும் அதிகம். ஸ்கேன் மென்பொருளில் இருந்த கோடாக்ரோம் தேர்வே எனக்குப் போதுமானதாக இருந்தது. தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியையும் அந்த ஃபிலிமுக்கு அணைத்துவிடுகிறேன். படத்தின் நுண்கோடுகளையே தூசியென்று எடுத்து அழித்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய பிழை என்னுடையது. புரொஃபைலைப் பொருத்துவது வேறு, மாற்றுவது வேறு. பொருத்தினால் எண்கள் அப்படியே இருக்கும், அவற்றின் பொருள் மாறும். மாற்றினால் எண்கள் மாறும், தோற்றம் இயன்றவரை அப்படியே நிற்கும். மென்பொருள் ஏற்கெனவே அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற அளவுமுறைக்கு மாற்றித் தந்த கோப்புகளின் மேல் நான் ஸ்கேனர் புரொஃபைலை மறுபடி பொருத்தினேன். 140 படங்கள் இப்படிப் போயின. மூலக் கோப்புகளை வைத்திருந்ததால் தப்பித்தேன். அங்குலத்துக்கு 3200 புள்ளி (டிபிஐ), நிறத்துக்கு 16 பிட் என்றால் படத்துக்கு 80 எம்பி ஆகும். வட்டு நிறைகிறதே என்று அவற்றை அழிக்காதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுமுறைக்கு மாற்றிக் கொடுங்கள். ஐந்து ரோடு பக்கத்துக் கடையில் அடோபி ஆர்ஜிபி கோப்பை அப்படியே நீட்டினேன். சிவந்த காபிப் பழங்கள் வெந்த தக்காளி நிறத்தில் வந்தன. "கோப்பில் இருப்பதுதானே சார் வரும்" என்றார் கடைத்தம்பி. அவர் மேல் தவறில்லை.

மலை ஈரத்தில் பூத்த பூஞ்சைக்குப் புரொஃபைல் மருந்தல்ல. வெளிறிச் சிவந்துபோன பழைய எக்டாக்ரோமை அது வெளிறிய நிலையிலேயே உண்மையாகக் காட்டும், அதற்குமேல் கைத்திருத்தம்தான். ஏரிக்கரையில் பெரியம்மா நிற்கும் படம் அப்படிப்பட்டது. புடவை மயில் கழுத்து நிறம் என்கிறார் பெரியப்பா. சாம்பல் பாறையைச் சாம்பலாக்கினால் புடவை கத்தரிப்பூவாகிறது. புடவையை மயில் கழுத்தாக்கினால் பாறை பச்சையாகிறது. இரண்டையும் தனித்தனிக் கோப்பாகச் சேமித்திருக்கிறேன். அவர் அறையில் மாட்டியிருப்பது பச்சைப் பாறை.