ஹினாவா, தாருமாவா, கொகேஷியா?

ஜப்பானின் இந்த மூன்று மரபுப் பொம்மைகளில் எதை வாங்கலாம் என்று கேட்டால் எதைச் சொல்வது? பெண் குழந்தை பிறந்த ஜப்பானிய வீட்டில், அதன் முதல் மார்ச் 3-க்குள், அதாவது பெண் குழந்தைகளின் விழாவுக்குள், ஹினா பொம்மைகள் வந்துவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். பெரும்பாலும் அம்மா வழித் தாத்தா பாட்டி வாங்கித் தருவார்கள். முழு வரிசை என்றால் சிவப்புத் துணி விரித்த ஏழு படிகள், பதினைந்து பொம்மைகள். உச்சியில் சக்கரவர்த்தியும் அரசியும், அடுத்து பணிப்பெண்கள் மூவர், இசைக்கலைஞர்கள் ஐவர், அமைச்சர்கள் இருவர், ஏவலர் மூவர். கீழ்ப்படிகளில் குட்டிக் குட்டிப் பெட்டி, கண்ணாடி, பல்லக்கு என்று மணப்பெண்ணின் சீர்வரிசை. சக்கரவர்த்தியைப் பார்ப்பவரின் இடப்பக்கம் உட்காரவைப்பது தோக்கியோ வழக்கம், வலப்பக்கம் என்பது கியோத்தோ மரபு.

இந்தப் பகட்டுக்குள் பழைய சடங்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. ஹெயான் காலத்தில் (794–1185) மனித உருவில் காகிதம் வெட்டி, உடம்பில் தடவி, நோயையும் தீட்டையும் அதில் இறக்கி ஆற்றில் விட்டார்கள். அதன் தொடர்ச்சியாக இன்றும் வகாயாமாவின் அவாஷிமா கோயிலில் மார்ச் 3 அன்று பொம்மைகளைப் படகில் ஏற்றிக் கடலுக்கு அனுப்புகிறார்கள். யாருக்காக வைத்தார்களோ அந்தப் பெண்ணுக்கு வர வேண்டிய தீங்கைத் தான் வாங்கிக்கொள்வதுதான் ஹினாவின் வேலை. ஒருத்திக்காக வைத்த பொம்மை இன்னொருத்திக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் இருப்பது இதனால்தான். அம்மாவின் வரிசையை மகளுக்கு வைக்கும் வீடுகளும் உண்டு.

ஆனால் ஹினாவைத் தொட்டு விளையாட முடியாது. முகத்தின் அந்த வெண்மை, சிப்பிப் பொடியைப் பசையில் குழைத்துப் பல முறை பூசி எடுத்தது. விரல் பட்டால் கறை, ஈரம் பட்டால் கேடு. விழா முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும், தாமதித்தால் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போகும் என்பார்கள். அடுக்குமாடி வீடுகளில் ஏழு படிக்கு இடம் ஏது? இப்போது பல வீடுகளில் அரச ஜோடி மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

தாருமா நேர் எதிர். ஒரு கையில் தூக்கிவிடலாம், காகிதக் கூழில் செய்தது, அடி கனமாக இருப்பதால் தள்ளினாலும் எழுந்து நிற்கும். காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் ஊரில் சொல்லப்படும் போதிதர்மர்தான் இவர். சுவரைப் பார்த்து ஒன்பது ஆண்டு தியானித்ததில் கை கால்களை இழந்தார் என்பது கதை, அதனால்தான் பொம்மைக்கும் அவை இல்லை. தகாசாகியில் 1783-இன் பஞ்சத்துக்குப் பிறகு, ஷோரின்சான் கோயில் துறவி ஒருவர் உழவர்களுக்குப் பிழைப்பாகக் கற்றுக்கொடுத்த தொழில் இது என்கிறார்கள். புருவம் கொக்கு, தாடி ஆமை, இரண்டும் நீண்ட ஆயுளின் அடையாளம். வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வரைவது, நிறைவேறியதும் மறு கண்ணை வரைவது, ஆண்டு முடிந்தால் கோயிலில் கொடுத்து எரிப்பது. தேர்தலில் வென்ற வேட்பாளர் கண் வரையும் காட்சி ஜப்பானில் சகஜம். வேண்டுதல் இல்லாமல் வெறும் அழகுக்காக வாங்கினால் தாருமாவுக்கு உயிரில்லை என்றே நினைக்கிறேன்.

என் ஓட்டு கொகேஷிக்கு. வடகிழக்கு ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்களில், எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில், கிண்ணம் கடைந்துகொண்டிருந்த மரக்கடைசல்காரர்கள் தொடங்கியது. அறுவடை முடிந்து உடம்பு வலி தீர ஊற்றுக்கு வந்த உழவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிப்போன பொம்மை. கை கால் கிடையாது, உருளை உடல், உருண்டைத் தலை, நாலைந்து கோட்டில் முகம். குழந்தையின் பிடிக்கு அளவாக இருக்கும்.

ஹினாவில் தலை ஒருவர், கை ஒருவர், உடை ஒருவர் என்று வேலை பிரியும். மரபுக் கொகேஷியில் கடைவதும் முகம் எழுதுவதும் ஒரே கை. குருவிடம் கற்ற பாணியை விட்டு விலகுவதில்லை என்பதால், பார்த்ததுமே ஊரைச் சொல்லிவிடலாம். நாருகோ பொம்மையின் தலையைத் திருப்பினால் கீச்சென்று சத்தம் வரும், உடலில் செவ்வந்திப் பூ. த்ஸுச்சியுவில் உச்சந்தலையில் வட்ட வளையங்கள். நான்பு வகையில் வண்ணமே பூசாததும் உண்டு, தலை தளதளவென்று ஆடும். த்ஸுகாரு வகையில் சிலவற்றின் வயிற்றில் தாருமாவின் முகமே இருக்கும்.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போருக்குப் பின் வந்த நவீனக் கொகேஷிகள், தலைமுடி செதுக்கி, கிமோனோ வரைந்து, இன்னும் கவர்ச்சியாக இருக்கும். அவையும் கலைதான், ஆனால் எந்த ஊர் மரபையும் சேராதவை. மரபு வகைதான் வேண்டும் என்றால் பொம்மையைக் கவிழ்த்து அடியில் செய்தவர் கையொப்பத்தைத் தேடுங்கள், எந்த ஊர்ப் பாணி என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டில் வெயில் படாத இடத்தில் வையுங்கள், சிவப்புச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும்.