எந்த வாசனை வேண்டாம்?

மசாஜ் சிகிச்சைக்குப் போன முதல் நாள் கையில் கொடுத்த படிவத்தில் பதினோராவது கேள்வி இது: "இந்த அறையில் எந்த வாசனை இருக்கக் கூடாது?"

படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புகை. மெழுகுவத்தி. ஊதுவத்தி. எரிகிற எதுவும்" என்று எழுதினேன். மூன்று வருஷமாகத் தோளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருந்த கட்டடத்தில் ஒரு இரவு தீப்பிடித்தது. நான்காவது மாடியிலிருந்து, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத இருட்டில் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினேன். இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. வெளிக்காயம் அவ்வளவுதான். "தப்பிச்சுட்டீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். தப்பித்தது உண்மைதான். ஆனால் அன்றைக்குக் காதுவரை ஏறிய தோள் இன்னும் கீழே இறங்கவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் விரிசல் விட்டது. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பினார்கள். நார்மல் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது.

இதற்கு முன்னால் ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போய்ச் சூடு வாங்கிக்கொண்டவள் நான். உள்ளே நுழையும்போதே அரையிருட்டு. மூலையில் மெழுகுவத்தி. மேசையில் குப்புறப் படுத்து, முகத்தை அந்த வட்டத் துளைக்குள் வைக்கச் சொன்னார்கள். தரையைத் தவிர ஒன்றும் தெரியாது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் மட்டும். அந்தப் பெண் முழங்கையைத் தோளில் ஊன்றிக்கொண்டு "ரிலாக்ஸ் பண்ணுங்க, ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பாதியில் எழுந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

ஆகவே, என் மனநல ஆலோசகர் "அதிர்ச்சிக்கு ஆளானவர்களோடு வேலை செய்யப் பயிற்சி எடுத்த மசாஜ் சிகிச்சையாளர்கள் இருக்காங்க, ஒரு தடவை போய்ப் பாருங்களேன்" என்றபோது நான் நாலு மாதம் தள்ளிப்போட்டேன். அப்புறம் போனேன். மூன்று மாதத்தில் ஆறு முறை. அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். இடத்தின் பெயரைப் போடவில்லை. அங்கே வருகிறவர்கள் யாரும் தாங்கள் வருவதை ஊரறியச் சொல்ல விரும்பமாட்டார்கள், நானும்தான். உங்களுக்குப் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருந்தால் எதைப் பார்த்து உள்ளே போவது என்பதற்கு இது உதவினால் சரி.

முதல் முறை ஒன்றரை மணி நேரம். அதில் என் மேல் கை பட்டது கால் மணி நேரம்கூட இருக்காது. சிகிச்சை செய்தவர் என்னைவிட இளையவர். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்றுதான் ஆரம்பித்தார். அடுத்து, "என்ன நடந்ததுன்னு நீங்க சொல்ல வேண்டியதில்லை. உடம்புல எங்கே, எப்படி இருக்குன்னு மட்டும் சொன்னால் போதும்" என்றார். சொல்லியே தீர வேண்டும் என்று தொண்டையில் தயாராக வைத்திருந்த கதையை அப்படியே விழுங்கினேன். சொல்ல வேண்டாம் என்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நினைக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். விளக்கு எவ்வளவு வெளிச்சம்? கதவு சாத்தட்டுமா, ஒருக்களித்து இருக்கட்டுமா? உடையோடவே இருக்கிறீர்களா? குப்புறப் படுக்க வேண்டாம் என்றேன். "சரி, பக்கவாட்டில் படுத்துக்குங்க, கதவைப் பார்த்த மாதிரி" என்று தலையணைகளை அதற்கேற்ப அடுக்கினார். முழங்காலுக்கு நடுவில் ஒன்று, கட்டிக்கொள்ள ஒன்று. அழுத்தத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு கணக்கு. ஐந்தைத் தாண்டுவதில்லை என்று அவரே கோடு போட்டுவிட்டார். வலியைத் தாங்கிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. அது அவருக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் "நாலு" என்று சொன்னபோது, "கால் விரல் மடங்கியிருக்கே, மூச்சும் நின்னிருக்கு. அது நாலு இல்லையே" என்றார்.

எனக்கு மறக்காதது வேறொன்று. தொடுவதற்கு முன்னால் "நிறுத்துங்கன்னு சொல்லிப் பாருங்க" என்றார்.

"எதுக்கு? இன்னும் ஒண்ணுமே செய்யலையே."

"சும்மா. ஒத்திகை."

என் தோளின் மேல், துணிக்கு மேலாக, கையை லேசாக வைத்தார். நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. நாற்பத்தாறு வயது, தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கத்துகிற வேதியியல் ஆசிரியை, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அவர் காத்திருந்தார். கடைசியில் "நிறுத்துங்க" என்று முணுமுணுத்தேன். உடனே கையை எடுத்து அரை அடி பின்னால் நகர்ந்தார். "ஏன்" என்று கேட்கவில்லை, "ஸாரி" என்றும் சொல்லவில்லை. இதை மூன்று முறை செய்தோம். மூன்றாவது முறை என் குரல் எனக்கே கேட்டது. அன்றைக்குச் செய்த மசாஜில் எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான்.

தோள் ஏன் இப்படி இருக்கிறது என்று இரண்டாவது முறை விளக்கினார். திடீரென்று பலத்த சத்தம் கேட்டால் யாருக்கும் கண் மூடும், தாடை இறுகும், கழுத்து உள்ளே இழுக்கும், தோள் ஏறும். ஆமை ஓட்டுக்குள் போவது மாதிரி. ஆபத்து நீங்கியதும் அது தானாக இறங்க வேண்டும். சிலருக்கு மூளை ஆபத்து முடிந்ததை ஒப்புக்கொள்வதில்லை, காவலுக்கு நிறுத்திய தசையை வீட்டுக்கு அனுப்புவதில்லை. பின்கழுத்திலிருந்து தோளுக்கும் நடுமுதுகுக்கும் விரிகிற ட்ரபீசியஸ், கன்னத்தில் பல்லைக் கடிக்கும்போது புடைக்கிற மாசெட்டர், இரண்டும் எனக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஷிப்டில் இருந்திருக்கின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இது எப்படித் தெரியும்?

அவருடைய கை வேகம் ஆச்சரியமான விஷயம். தோளிலிருந்து முழங்கைவரை ஒரு தடவு தடவ எத்தனை நேரம் என்று எண்ணிப் பார்த்தேன். பத்து எண்ணும்வரை ஆனது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ரோமம் உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே பதில் சொல்லும் ஒருவகை மெல்லிய நரம்புகள் இருக்கின்றன. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தொட்டால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. அதைவிட வேகமாகப் போனால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. முழங்கையால் குத்தியவர்களுக்கு என் தோள் ஏன் மசியவில்லை என்பதற்கு இது முழுப் பதில் இல்லை, ஆனாலும் ஒரு பதில்.

மூன்றாவது முறை வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் கை போய்க்கொண்டிருந்தபோது அழுகை வந்தது. எதையும் நினைக்கவில்லை, தீயையும் நினைக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஓடியது. கை அப்படியே நின்றது. "எடுத்திடட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்றார். இருக்கட்டும் என்றேன். அவர் அதற்கு அர்த்தம் ஒன்றும் சொல்லவில்லை. "தசைக்குள் அடைந்து கிடந்த நினைவு வெளியேறுது" என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் அடுத்த முறை போயிருக்கமாட்டேன். நான் வேதியியல் படித்தவள். நினைவு இருக்கும் இடம் மூளை என்றுதான் நம்புகிறேன்.

அதனால்தான் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் போஸ்டர் எனக்குப் பிடிக்கவில்லை. மசாஜ் நச்சுகளை வெளியேற்றும், கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோனைக் குறைக்கும் என்று கொட்டை எழுத்தில். நச்சுகளை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. கார்ட்டிசால் விஷயத்தில், ஏற்கெனவே நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2011-இல் வந்தது. குறைவது மிகச் சொற்பம், பெரும்பாலும் ஒன்றுமில்லாததற்குச் சமம் என்றது. பதற்றத்தின் மேல் மசாஜுக்கு இருக்கும் பலன் அதைவிட நன்றாக நிற்கிறது. 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2004-ஆம் வருஷத்துத் தொகுப்பாய்வில், தொடர்ந்து பல முறை செய்துகொண்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. அதைப் போஸ்டரில் போடலாமே. சிகிச்சையாளரிடமே சொன்னேன். "போஸ்டர் நான் மாட்டலை" என்று சிரித்தார்.

இன்னொரு குறை, மேசையின் மேல் விரிக்கிற காகிதச் சுருள். புரண்டு படுத்தால் சடசடவென்று சத்தம். எரிகிற வீட்டிலிருந்து வந்தவளுக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று வாசனையைக் கேட்டவர்களுக்குத் தோன்றவில்லை. சொன்னதும் துணிக்கு மாற்றிவிட்டார்கள். சத்தத்துக்கும் ஒரு கேள்வி படிவத்தில் சேர்க்கலாம்.

நான்காவது முறைதான் மோசம். வழக்கமானவர் விடுப்பு. முன்கூட்டியே சொல்லாமல் வேறொருவரை அனுப்பியிருந்தார்கள். கை தேர்ந்தவர்தான், ஆனால் அவசரம். கேட்காமலே இடது முன்கைக்குப் போய்த் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்தார். "நிறுத்துங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, வகுப்பில் கத்துகிற அதே குரல். அவர் பயந்து கையை எடுத்தார். மீதி நேரம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் கோபமாக இருந்தது. வந்து சேர்ந்த பிறகுதான், அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். புகார் எழுதினேன். இப்போது ஆள் மாறினால் முந்தைய நாளே சொல்கிறார்கள்.

தாடைக்குக் கையுறை போட்டு வாய்க்குள்ளிருந்து அழுத்தும் முறை ஒன்று உண்டு. முதல் நாள் கேட்டார், வேண்டாம் என்றேன். எழுதிக்கொண்டார், மறுபடி கேட்கவே இல்லை. ஐந்தாவது முறை நானே கேட்டேன். கூச்சமான வேலை, எச்சில் ஒழுகும். ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்து கொட்டாவி விட்டபோது, மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தாடை 'டக்' என்று சத்தம் போடவில்லை.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி கொடுத்தார்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் வகுத்த முறையிலிருந்து வந்தது. ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, சில வினாடி வைத்து, விட்டுவிடுவது. கைமுட்டி, தோள், முகம் என்று வரிசையாக. தோளை இறக்கு என்று சொன்னால் என் தோளுக்குப் புரியாது. முதலில் ஏற்று என்றால் ஏறுகிறது, அப்புறம் இறங்குகிறது. பிடிவாதக்காரப் பிள்ளைகளிடம் நான் செய்கிற தந்திரமேதான்.

பலன் என்ன என்று கேட்டால்: தோள்வலி ஏழிலிருந்து மூன்று, நாலுக்கு வந்திருக்கிறது. கரும்பலகையில் எழுதும்போது கையை மாற்ற வேண்டியதில்லை. போய்வந்த இரண்டு இரவு நன்றாகத் தூங்குகிறேன், மூன்றாவது இரவு பழையபடி. கனவு போகவில்லை. அது போவதற்கு ஆலோசகரிடம்தான் உட்கார வேண்டியிருக்கிறது. மசாஜ் அதற்கு மாற்று இல்லை என்று சிகிச்சையாளரே முதல் நாள் சொன்னார். அப்படிச் சொல்லாத இடமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். சில சமயம் மறுநாள் தசை கன்றிப்போன மாதிரி வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடுகிறது.

எல்லோருக்கும் இது ஆகாது. காலில் ரத்தக்கட்டி இருப்பவர்களும், இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும் மேசைக்கே போகக் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல், புதிய எலும்புமுறிவு, ஆறாத புண் இருக்கும்போதும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுப் போங்கள், அழுத்திப் பிடித்தால் கன்றிவிடும். யார் தொட்டாலும் உடம்பு கூசுகிற நிலையில் இருந்தால் அவசரமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, உடையோடு, கைவிரல் மட்டும் என்றுகூட ஆரம்பிக்கிறார்கள். காத்திருக்கும் இடத்தில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். வெளியே வந்தபோது தன் கையையே பார்த்துக்கொண்டு போனார்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைப் போஸ்டருக்கும் நான்காவது முறைக்குமாகப் பிடித்துக்கொண்டேன்.

ஏழாவது முறைக்குப் போன வாரம் பதிவு செய்தேன். படிவத்தைப் புதிதாக நிரப்பித் தரச் சொன்னார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படியாம். பதினோராவது கேள்விக்கு வந்தேன். முன்பு எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்து, ஊதுவத்தியை மட்டும் விட்டுவிட்டேன். மெழுகுவத்தி இருக்கிறது.